நல்ல அச்சு

படம் மூன்றாவது முறையாகக் குப்புற விழுந்தது. மூத்தவள் அதை எடுத்து நிறுத்தி, சட்டத்தின் முதுகில் இருந்த தகரக் காலை இன்னும் கொஞ்சம் வளைத்துப் பார்த்தாள். நிற்கிற மாதிரி நின்றது. கையை எடுத்ததும் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. உயிரோடு இருந்தவரை யாருக்கும் வளைந்து கொடுக்காத அப்பா, படத்துக்குள் மேசை விரிப்பைப் பார்த்துத் தலை கவிழ்ந்தார்.

"பேப்பர் மடிச்சு வைக்கட்டுமாக்கா?" என்றான் தம்பி.

"வச்சுப் பார்த்தாச்சு. நிக்கலை."

"வாழ்நாள் பூரா அளவு பார்த்த மனுஷன். அவர் படத்துக்கு ஒரு ஒழுங்கான சட்டம் கிடைக்கலை பாரு."

அந்தச் சட்டத்தை அவசரத்தில் வாங்கிவந்தவன் அவன்தான். துக்க வீட்டில் அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

அப்பா நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். இப்போது முன்னறையில், இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மூன்றாவது மாடி, குறுகலான படி. காலையில் பெட்டிக்காரர்கள் வந்து படிக்கட்டின் திருப்பத்தை நாடா வைத்து அளந்து, படுக்கவைத்த வாக்கில் திரும்பாது, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி நிமிர்த்தித்தான் இறக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அம்மா தயங்கவே இல்லை. "நிமிர்ந்தே போகட்டும். அப்படித்தானே இருந்தார்" என்றுவிட்டாள்.

தெருவில் அவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர். சிறுநீரகக் கல்லைக் கரைக்கிற வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இடுப்பைப் பிடித்தபடி மூன்று மாடி ஏறி வந்த கதை உண்டு. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவரை உட்காரச் சொல்லி, தன் கற்கள் எவை என்று அரைமணி நேரம் விளக்கித்தான் அனுப்பினார்.

அருங்காட்சியகத்தில் அவருக்கு நாற்பத்தொரு வருஷ வேலை. எல்லாம் விரல் நகம் அளவுக் கற்கள். மோதிரத்திலும், சட்டையில் குத்திக்கொள்கிற அலங்கார மார்பு ஊசியிலும் பதிப்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கியவை. சிலவற்றில் உருவம் மேலே புடைத்திருக்கும். சிலவற்றில் முத்திரை குத்துவதற்காக உள்ளே குடைந்திருக்கும். பெரும்பாலும் கிரேக்கப் பெண் தெய்வங்கள். இவள் யார் என்று சொல்வதுதான் அவருடைய வேலை. தலைக்கவசம் இருந்தால் அதீனா. நெற்றியில் பிறையோ தோளில் அம்பறாத்தூணியோ இருந்தால் ஆர்ட்டெமிஸ். தலையில் கதிர் சூடியிருந்தால் டெமிட்டர். இறக்கையோடு வந்து மாலையை நீட்டினால் நைக்கி.

"முகத்தைப் பார்க்காதே" என்பார். "முகம் எல்லாம் ஒரே முகம்தான். செதுக்கினவன் அவன் பொண்டாட்டி மூக்கை வச்சிருப்பான். தலையில என்ன, கையில என்ன, பக்கத்துல என்ன, அதைப் பாரு."

தலையிலும் கையிலும் எதுவும் இல்லாமல் வெறும் பெண்ணாக ஒருத்தி வந்தால், அட்டையில் 'ஒரு பெண்' என்று எழுதி உள்ளே போட்டுவிடுவார். ஒரு இழுப்பறை நிறைய அப்படி 'ஒரு பெண்'கள் கிடந்தார்கள். வீட்டிலும் அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை. வாசலில் நுழைகிறவர்கள் கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்றுதான் அவர் கண் போகும்.

முந்தாநாள்கூட அப்படித்தான். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சட்டையில் ஒரு மார்பு ஊசி குத்தியிருந்தாள். நீலத்தில் வெள்ளையாக ஒரு பெண் தலை. அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் நர்ஸ். அவருடைய தொழில் அந்த வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது.

"பிளாஸ்டிக்" என்றார் அப்பா. "யாருமில்ல."

நர்ஸ் முகம் சுண்டி வெளியே போய்விட்டாள். மூத்தவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு வில்லை அறுத்துப் பொருத்தியவளும் அவள்தான். ஜன்னலில் வெயில் இருந்தது, பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா. அந்தச் சிவப்புக் கல்லு. கழுகா, பாம்பா?"

எந்தச் சிவப்புக் கல் என்று அவர் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்லைப் பற்றித் திடீரென்று கேட்டால் யாராக இருந்தாலும் எது என்று கேட்பார்கள். அவர் அவளுடைய கையைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். பிறகு, "கண்ணாடியை நல்லாத் தொடை. ஓரத்துல மங்கலா இருக்கு."

அவள் துடைத்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார், தலையணையை உயர்த்தச் சொன்னார். வேறு பேச்சு இல்லை.

அந்தக் கல்லின் கதை நீளமானது இல்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிபாரிசு எதுவும் இல்லாமல் தேர்வு எழுதி, அப்பாவின் பிரிவிலேயே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அச்சு எடுப்பது அவள் வேலை. உள்ளே குடைந்த கல்லை நேரடியாகப் பார்த்தால் கண் ஏமாறும். பள்ளம் மேடாகத் தெரியும், இடம் வலமாகத் தெரியும். அதனால் பல் வைத்தியர்கள் உபயோகிக்கிற ரோஜா நிற மெழுகை இளக்கி, கல்லை அதில் அழுத்தி எடுத்து, அந்த அச்சைப் பார்த்துத்தான் உருவம் யார் என்று சொல்ல வேண்டும். 'கல்லைப் பார்த்துப் பேசாதே, அச்சைப் பார்த்துப் பேசு' என்று டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவர் அப்பா. இன்னொன்றும் முதல் நாளே சொன்னார். எடுத்த அச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்காதே, கைச்சூடு முதலில் மூக்கைத் தின்னும், அப்புறம் மற்றதை.

அந்தச் சிவப்புக் கல் வந்த அன்றைக்கு இயக்குநர் விருந்தாளிகளோடு மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அப்பா கல்லை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியில் அரை நிமிஷம் பார்த்தார். தன் கண்ணுக்கு அச்சு எதற்கு என்ற திமிர்.

"ஹீபி" என்றார். "இளமையோட தெய்வம். கழுகுக்குக் கிண்ணத்துல பானம் கொடுக்கறா. இவ்வளவு பழைய கல்லுல ஹீபி கிடைக்கறது அபூர்வம்."

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் அந்தக் கல் பத்திரிகையில் வந்தது, அருங்காட்சியகத்தின் அறிமுகத் தாளில் முகப்புப் படமாக ஏறியது.

அதற்குப் பிறகுதான், புகைப்படத்துக்கு வேண்டும் என்று அவளை அச்சு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். மெழுகில் இறக்கை இல்லை. அப்பா இறக்கை என்று பார்த்தது சுருண்ட உடம்பு. அலகு என்று பார்த்தது தட்டையான தலை. பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டுகிறவள் ஹைஜியா, உடல்நலத்தின் தெய்வம். அவள் அபூர்வமே இல்லை. அங்கேயே ஏற்கெனவே பதினோரு ஹைஜியாக்கள் இருந்தார்கள்.

மூத்தவள் அப்பாவிடம் தனியாகத்தான் சொன்னாள். "வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஆனால் மறுநாள் இயக்குநரே அச்சைப் பார்க்க வந்து, என்னம்மா நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டபோது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "இது பாம்பு சார்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா அந்த அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"இது அச்சு எடுத்த லட்சணம். மெழுகை இழுத்திருக்கா. இறகு நசுங்கிப் பாம்பாயிடுச்சு." பிறகு கல்லைத் திருப்பினார். "ஓரத்துல சில்லும் எடுத்துட்டா."

ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது உண்மைதான். அது பழைய சில்லு, உள்ளே நூறு வருஷத்து அழுக்கு படிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். யாரும் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்தான் பார்த்துச் சொல்லிவிட்டாரே.

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அது மூன்றாம் தேதி. கோப்பில் 'கவனக்குறைவு, கல்லுக்குச் சேதம்' என்று ஏறியது. அதற்கப்புறம் எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் ஒரு கூழாங்கல்லைக்கூட அவளைத் தொட விடவில்லை. வீட்டில் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, பதினேழாம் தேதி, ராத்திரிச் சாப்பாட்டில் நிமிராமல் சொன்னார்: "மூக்குக்கண்ணாடிக் கடையில ஆள் வேணுமாம். போய்ப் பாரு. அங்க கீறினாலும் பரவாயில்ல, வேற மாட்டிக்கலாம்."

முப்பத்தொரு வருஷமாக அந்தக் கடையில்தான் இருக்கிறாள். கடைசி வரி தெரிகிறதா, இப்போது தெரிகிறதா, இந்தக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பாவிடம் அவள் எதிர்பார்த்தது மூன்று வார்த்தை. நீ சொன்னது சரி. சபையில் வேண்டாம். சமையலறையில், கை கழுவுகிற நேரத்தில் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

மூன்று மணி வாக்கில் அருங்காட்சியகக் காப்பாளர் வந்தார். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவர், நாற்பதைத் தொடாத வயது. மலர்வளையத்தோடு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பெட்டிக்கு முன்னால் நின்று நிஜமாகவே அழுதார். ஓய்வுபெற்ற பிறகும் அப்பா வாரம் ஒருமுறை அங்கே போய், கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர் என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"சார் மாதிரி இனிமே ஒருத்தர் வரமாட்டாங்க" என்றார் காப்பாளர், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. செத்துப்போனால் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் இவர் சான்றோடு வந்திருந்தார். ஒரு உறையிலிருந்து பழுப்பு அட்டை ஒன்றின் நகலை எடுத்தார்.

"பழைய அட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கோம். போன மாசம் இது கிடைச்சுது. அச்சடிச்ச தாள்ல எல்லாம் ஹீபின்னு போட்டிருக்கற கல்லு. நாங்களும் ஹீபின்னுதான் நினைச்சிட்டிருந்தோம். அட்டையைப் பாருங்க. சாரே அடிச்சுத் திருத்தியிருக்கார்." அவர் வாசித்தார். "'ஹீபி அல்ல, ஹைஜியா. கழுகு அல்ல, பாம்பு. அச்சின்படி திருத்தப்பட்டது. விளிம்பில் உள்ள சில்லு பழையது.' கீழ சாரோட கையெழுத்து. யாரும் சொல்லலை, யாரும் கேக்கலை. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சு, தானே திருத்தியிருக்கார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பா அப்படித்தான்" என்றான். அந்தக் கல் வந்தபோது அவனுக்கு ஆறு வயது.

"தேதி போட்டிருக்கா?" என்று கேட்டாள் மூத்தவள்.

காப்பாளர் நகலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். அதே வருஷம், அதே மாதம், பதினாலாம் தேதி.

மூன்றிலிருந்து பதினாலுக்குப் பதினோரு நாள். பதினாலிலிருந்து பதினேழுக்கு மூன்று நாள். கணக்குப் போட அவளுக்கு விரல்கூட வேண்டியிருக்கவில்லை. அங்கே கீறினாலும் பரவாயில்லை என்று சொன்ன அன்றைக்கு, அவள் கீறவில்லை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் அப்பா சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்.

"இதுல இன்னொரு விஷயம் மேடம்" என்றார் காப்பாளர். "அப்ப யாரோ ஒரு பொண்ணு கல்லைக் கெடுத்துட்டதா ஒரு கோப்பு இருக்கு. பேர்கூட இல்ல, 'தற்காலிக உதவியாளர்'னு மட்டும் போட்டிருக்கு. சில்லு பழசுன்னு எழுதி அந்தப் பொண்ணையும் சார் காப்பாத்தியிருக்கார் பாருங்க. அந்தப் பொண்ணு எங்க இருக்கோ. அதுக்கே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது" என்றாள் மூத்தவள்.

"மேடம் என்ன பண்றீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கேன்."

"நல்லது. புதுசா சேர்றவங்களுக்கு இனிமே இந்த அட்டையைத்தான் காட்டப்போறேன். எடுக்கறதுக்கு முன்னாடி இங்கேயும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

அம்மா சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் தடுத்தும் கேட்கவில்லை. கைக்கு வேலை இல்லாமல் அவளுக்கு உட்காரத் தெரியாது.

"அவர் பேசணுமாம்" என்றாள் மூத்தவள். "அட்டையில அப்பா திருத்தியிருக்காராம். அதைப் பத்தி."

"எந்த அட்டை?"

மூத்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா குழாயை மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்தே. வந்து சொன்னார். அவ எடுத்த அச்சுதான் சரி, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்னார். அன்னிக்குச் சாப்பிடக்கூட இல்ல."

"ஐயோ பாவம். சாப்பிடலையா."

குத்தல் அம்மாவுக்குப் புரிந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"டைரக்டர் ரிட்டயர் ஆகட்டும், சொல்லிடறேன்னார். அவர் ரிட்டயர் ஆகவே நாலு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நீ கடையில நிலைச்சுட்டே. அவ நல்லாத்தானே இருக்கா, எதுக்குக் கிளறணும்னுட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது. உன் தம்பிக்கு ஆறு வயசு. அவர் வேலைக்கு ஒண்ணுன்னா அப்புறம் யாரு?"

"எனக்கு இருபத்திரண்டும்மா."

அம்மா ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நீயும் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். முந்தாநாள் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குன்னார்."

அம்மா இன்னொரு கோப்பையைக் கவிழ்த்தாள். "ஆமா" என்றாள். "எதுக்கு." மறுபடியும் குழாயைத் திறந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் பேசாமல் சாப்பிட்டால் தாராளமாக மறைக்கலாம். மூத்தவளுக்கு அழுகை வரவில்லை. இறந்துபோனவர்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. உயிரோடு இருந்தால் கையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

"அவரைப் பேசச் சொல்லு" என்றாள் அம்மா, திரும்பாமல். "அப்படியே அவர் பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வா. கூடவே வைக்கணும்னு சொல்லியிருந்தார்."

அப்பாவின் மேசை இழுப்பறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி தோல் உறையில் இருந்தது. அதை எடுத்தபோது, அதற்குப் பின்னால் ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது, தொண்டைக்கு இதமாகச் சப்புகிற மிட்டாய் வருகிற டப்பா. லேசாக இருந்தது. திறந்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் ரோஜா நிற மெழுகு.

அவளுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நின்றிருக்கும் பெண், நீட்டிய கையில் கிண்ணம், கிண்ணத்தின்மேல் குனிந்த பாம்பு. செதில்கூடத் தெரிந்தது. எங்கேயும் இழுபடவில்லை, எங்கேயும் நசுங்கவில்லை. திருப்பினாள். முதுகில் ஒரு கட்டைவிரல் ரேகை, அவளுடையது, இருபத்திரண்டு வயதில் அழுத்தியது.

டப்பாவின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கல்லின் எண். கீழே 'ஹைஜியா'. அதற்கும் கீழே, அப்பாவின் பொடி எழுத்தில் இரண்டு வார்த்தை: 'நல்ல அச்சு.'

அச்சுகளுக்கு அவர் மதிப்புப் போடுவது வழக்கம். மோசம், சுமார், பரவாயில்லை. பரவாயில்லைக்கு மேலே அவர் பேனா ஏறி அவள் பார்த்ததில்லை. எட்டு மாதமும் அவளுக்குச் சுமார்தான். கடைசியில் எழுதியிருக்கிறார், மெழுகுக்கு எழுதியிருக்கிறார். டப்பாவில் போட்டு மூடி, இத்தனை வருஷம் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

அவள் தீர்மானித்துவிட்டாள். காப்பாளர் பேசி முடிக்கட்டும். எல்லோர் முன்னாலும் இதைக் காட்டி, அந்தத் தற்காலிகப் பொண்ணு நான்தான், இதோ அந்த அச்சு, முதுகில் இருப்பது என் ரேகை, வைத்துப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அம்மா என்ன நினைத்தாலும் சரி, தம்பி என்ன நினைத்தாலும் சரி. அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை இன்னொரு கையில் பிடித்தபடி முன்னறைக்கு வந்தாள்.

முன்னறையில் முப்பது பேராவது இருந்தார்கள். புழுக்கமாக இருந்தது. பூதக்கண்ணாடியைப் பெட்டியில், அப்பாவின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். காப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்தவர் இருபது நிமிஷம் பேசினார். அட்டையை முழுதாக வாசித்தார். நேர்மை என்றார். இந்தக் காலத்தில் தப்பை ஒத்துக்கொள்கிறவர் யார் என்றார். பேர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னார், அவளுக்காகவும் சார் ஒரு வரி எழுதினார் என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார். கீழ்வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நடுவில் படம் மறுபடியும் விழுந்தது. தம்பி ஓடிப்போய் அதை நிமிர்த்தி, கடைசிவரை கையால் பிடித்துக்கொண்டே நின்றான். மூத்தவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை இறுக்கிக்கொண்டாள். நகம் உள்ளங்கையில் பதிவது தெரிந்தது.

பேச்சு முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன. பெட்டிக்காரர்கள் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். காப்பாளர் நேராக அவளிடம்தான் வந்தார்.

"நான் பேசினது சரியா இருந்துதா மேடம்?"

"உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்று அவள் கையைத் திறந்தாள்.

திறந்ததும் அவள்தான் முதலில் பார்த்தாள். மெழுகு பளபளவென்று வேர்த்திருந்தது. ஒரு பெண் நின்றது தெரிந்தது, தலை, தோள், உடையின் மடிப்பு கொஞ்சம். நீட்டிய கை இருந்த இடத்தில் அவளுடைய நகம் பதிந்த பிறைகள். கிண்ணம் இல்லை. பாம்பு இருந்த இடம் வழவழவென்று இருந்தது, அதன்மேல் அவளுடைய உள்ளங்கை ரேகை ஒன்று குறுக்கே ஓடியது. முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் உள்ளங்கைதான். முதல் நாளே படித்த கைச்சூட்டுப் பாடம். முப்பத்தொரு வருஷம் மெழுகைத் தொடாததில் அது ஒன்றுதான் மறந்துபோயிருந்தது.

"அட, அச்சா?" காப்பாளர் குனிந்தார். தொழில் புத்தி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டார். "தலையில ஒண்ணும் இல்ல. கையில... ம்ஹூம், அழிஞ்சு போச்சு. யார் எடுத்தது?"

இப்போதும் சொல்லலாம். ஆனால் வெறும் வாய்ச்சொல்லாகத்தான் சொல்ல வேண்டும். அவருடைய கையெழுத்துக்கு எதிரே அவளுடைய வாய். அன்றைக்கு அந்த மேசையருகே நடந்ததும் இதேதான். அன்றைக்காவது அச்சு உருப்படியாக இருந்தது.

"தெரியலை" என்றாள். "அப்பா டிராயர்ல இருந்துது."

"இதுக்குப் பேர் சொல்ல முடியாது மேடம். சார் இருந்திருந்தா என்ன எழுதுவார் தெரியுமா?"

"தெரியும். 'ஒரு பெண்'."

"அதேதான்" என்று காப்பாளர் கலங்கிய கண்ணோடு சிரித்தார். பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார்.

மூடியை வைத்தார்கள். தூக்கினார்கள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் பெட்டிக்காரர்களின் குரல் கேட்டது. "நிமிர்த்து, நிமிர்த்து. தலைப்பக்கம் மேல. ஆங், அப்படித்தான்."

தம்பி கையை எடுத்துவிட்டுப் போனதும் படம் மறுபடி சாயத் தொடங்கியது. மூத்தவள் மேசையருகே போனாள். கையிலிருந்த மெழுகை இரண்டு விரலால் பிசைந்தாள். இன்னும் சூடு இருந்தது, சொன்ன பேச்சைக் கேட்டது. தலை போயிற்று, தோள் போயிற்று. உருண்டையாக்கி, சட்டத்தின் இடது மூலைக்கு அடியில் வைத்து, கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். கையை எடுத்தாள்.

படம் நின்றது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"இதைக் காலையிலேயே பண்ணியிருக்கலாமே."

"மெழுகு இப்பதான் கிடைச்சுது" என்றாள் மூத்தவள்.

கதவைச் சாத்துமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காலி பெஞ்சுகளுக்கு அப்பால், அப்பா நேராக நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு அடியில் ரோஜா நிற மெழுகு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரி பிசகாமல் விழுந்திருந்தது.